ஸ்கா பங்க் திறந்த சனிக்கிழமை

ஒலி அமைப்புத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் யாரைச் சந்தித்தாலும், அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர் எத்தனை வாட்ஸ், மைக் எந்த நாட்டுச் சரக்கு என்றுதான் விசாரிக்கிறீர்கள். அவற்றில் பாதி காயலான் கடைக்குப் போய்விட்டது. மீதியைப் பற்றிப் பேசினால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குச் சொல்லத் தோன்றுவது வேறு. தெரு முழுக்க ஒரே குரலில் "அதை எடு" என்று கத்தும்போது விரலை எந்தக் குமிழின் மேல் வைப்பது? இதற்கான பதில் எந்தப் பெட்டியோடும் வருவதில்லை. எனக்கு அது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தின் ஒரு நெசவாளர் தெருவில், ஒரு பெட்ரோல் பங்க் தயவில் கிடைத்தது. அப்படியொரு பங்க் அங்கே கிடையாது என்பதுதான் விஷயமே.

முதலில் தேதி. 1999, அக்னி நட்சத்திரத்தின் நடுவில் வந்த அமாவாசை, சனிக்கிழமை. இல்லை, 1998 என்று இன்றைக்கும் சாதிப்பவர்கள் அந்தத் தெருவில் உண்டு. 1998-இல் அக்னி நட்சத்திரத்து அமாவாசை திங்கட்கிழமை வந்தது. திங்கட்கிழமையில், அன்று வாசிக்க வந்த ரயில்வேக்காரர்கள் வேலையை விட்டுவிட்டு வாத்தியத்தோடு காஞ்சிபுரம் வர முடியாது. ஆகவே 1999.

அமாவாசைக்கும் காரணம் உண்டு. அன்றைக்குத் தறி ஓடாது. மற்ற நாளில் அந்தத் தெருவில் ஒரு வீட்டைத் தாண்டினால் அடுத்த வீட்டுத் தறியின் சத்தம் காதைப் பிடித்துக்கொள்ளும். அமாவாசையில் காக்கை கத்துவது கேட்கும். அதனால் தெருவின் கோடைக் கச்சேரியை அந்த நாளில் வைத்துக்கொண்டார்கள். மேற்குக் கோடியில் மேடை. மேடையைப் பார்க்க ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், நடுவில் பிள்ளைகள் ஓட ஒரு வழி. மைக் செட் என்னுடையது; தெருவில் எனக்குப் பெயரே மைக் செட்டுதான். பல வருஷமாக ஒரே மெல்லிசைக் குழு, அதே சினிமாப் பாட்டுகள், அதே வரிசை. மூன்றாவது பாட்டில் நான் டீ குடிக்கப் போனால் ஐந்தாவது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடலாம்.

அந்த வருஷம் அந்தக் குழுவுக்கு வெளிநாட்டு வாய்ப்பு கிடைத்து, கடைசி நேரத்தில் கையை விரித்துவிட்டார்கள். விழாக் குழுத் தலைவர் நாகலிங்கம் தலையில் இடி. அவர் நெசவாளர், அந்தக் கச்சேரியைத் தொடங்கி வைத்தவரும் அவர்தான். அந்த விழாக் குழுவிலேயே இருந்த கோதண்டத்துக்கோ இது நல்ல சகுனம். கோதண்டம் ரொம்ப நாளாகப் பட்டிமன்றம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"செலவு கம்மி, சத்தம் கம்மி, அறிவு ஜாஸ்தி" என்பது அவர் வாதம்.

கூட்டம் போட்டுப் பேசி, ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வருஷம் நாகலிங்கம் எங்கிருந்தாவது ஒரு குழுவைக் கொண்டுவரலாம். ஆனால் கச்சேரி பாதியில் நின்றாலோ, ஜனம் எழுந்து போனாலோ, அடுத்த வருஷம் முதல் அந்த அமாவாசை பட்டிமன்றத்துக்கு. நாகலிங்கம் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டார். மறுநாள் என்னிடம் வந்தபோது முகத்தில் களை இல்லை.

"பேசறதுக்கு வருஷம் பூரா ஆளு இருக்குது, மைக் செட்டு. எங்க தெரு வாய் விட்டுப் பாடறது ஒரு நாளுதான். அதையும் புடுங்கிடுவான் போல இருக்குதே" என்றார்.

அவருக்குக் கை கொடுத்தவன் சரவணன். நாகலிங்கத்தின் மனைவி செல்வியின் அண்ணன் மகன். பெரம்பூரில் ரயில்வே வேலை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து மாமாவைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான்:

"மாமா, எங்க ஒர்க்‌ஷாப் ஆளுங்க ரெண்டு பேண்டு வச்சிருக்காங்க. இருபது வருஷமா வாசிச்சிக்கினு இருக்காங்க. சம்மருக்குக் கரெக்டா இருக்கும். ஸ்கா பங்க், மாமா!"

"பங்க்கா?"

"ஆமா மாமா, பங்க்!"

"எதா இருந்தா என்னபா, ஜனம் உக்காருமா?"

"உக்கார மாட்டாங்க மாமா, எழுந்து ஆடுவாங்க."

இங்கே நீங்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் ஊரில் அன்றைக்கு பங்க் என்றால் பெட்ரோல் போடும் இடம். வேறு பங்க் கிடையாது. நாகலிங்கம் என்ன புரிந்துகொண்டார் என்றால், ஸ்கா என்று யாரோ வடநாட்டு முதலாளியின் பெட்ரோல் பங்க் இருக்கிறது, அவர்கள் இரண்டு இசைக் குழு வைத்திருக்கிறார்கள், விளம்பரத்துக்காக அனுப்புகிறார்கள். ஆகவே நோட்டீஸ் இப்படி வந்தது: "ஸ்கா பங்க் வழங்கும் மாபெரும் இன்னிசை விழா. அனைவரும் வருக."

பின்னாளில் நூலகத்தில் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஸ்கா என்பது ஜமைக்காத் தீவில் பிறந்த துள்ளல் இசை. கப்பலேறி இங்கிலாந்து போய், அங்கே கோபக்கார இளைஞர்கள் கையில் வேகம் கூடி, டிரம்பெட்டும் கிடாருமாக ஒரே ஓட்டமாக ஓடும் இசையானது. அந்த வேகத்துக்குப் பெயர்தான் பங்க். சென்னையில் ரயில்வே குடியிருப்புகளில் இதை வாசிக்கச் சில ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் இருந்தன. இதெல்லாம் நோட்டீஸைப் பார்த்த அன்று எனக்குத் தெரியாது. நானும் பெட்ரோல் என்றுதான் நினைத்தேன்.

இன்னொரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. அந்த வாரம் டேங்கர் லாரி வராமல் ஊரில் பெட்ரோல் தட்டுப்பாடு. எல்லா பங்கிலும் கயிறு கட்டி மூடிவிட்டார்கள். மொபெட்டை வைத்துக்கொண்டு பட்டு நூலும் சேலையும் கொண்டுபோய்க் கொடுத்து வாங்குகிறவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். அந்த நேரத்தில் சுவரெல்லாம் "ஸ்கா பங்க்" என்று ஒட்டியிருந்தால் என்ன ஆகும்? புது பங்க் திறக்கிறார்கள், திறப்பு விழாவுக்குத்தான் கச்சேரி, வருகிற வண்டிக்கெல்லாம் பெட்ரோல் இலவசம் என்று ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பங்க் எங்கே என்று தேடிக்கொண்டு ஒருவர் ஊரின் மறுகோடி ஓரிக்கை வரை போய்விட்டு வந்தார்.

சனிக்கிழமை வெயில் சாய்வதற்கு முன்பே வேன் வந்தது. பெட்ரோலில் ஓடுகிற பழைய வேன். உள்ளே இரண்டு குழுவும். முதலில் இறங்கியவர் டெஸ்மண்ட்: பருத்த உடம்பு, கையில் டிரம்பெட், ஒரு குழுவின் தலைவர். மறுபக்கக் கதவு வழியாக இறங்கியவர் ரால்ஃப்: ஒல்லி, தோளில் கிடார், இன்னொரு குழுவின் தலைவர். இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தவர் டிரம்ஸ்காரர். இரண்டு குழுவுக்கும் அவர் ஒருவர்தான்.

"அவங்க ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்கண்ணா" என்று சரவணன் என் காதில் சொன்னான். "எதுனா சொல்லணும்னா டிரம்ஸ்காரர்கிட்ட சொல்லுவாங்க."

"என்ன தகராறு?"

"சென்னையிலயே மொதல்ல ஆரம்பிச்ச ஸ்கா பேண்டு என்னுதுங்கிறாரு இவரு. இல்ல என்னுதுங்கிறாரு அவரு."

தேதி விஷயம் என்றால் எனக்குக் கை சும்மா இருக்காது. தனித்தனியாகப் போய்க் கேட்டேன். இருவரும் ஒரே வருஷம், ஒரே மாதம் சொன்னார்கள். நாள் கேட்டதும் இருவரும் ஒரே மாதிரி முறைத்தார்கள்.

அடுத்த சிக்கல், யார் முதலில் வாசிப்பது. முதலில் வாசிப்பவர் சின்னவர் என்று கணக்காம்; இருவரும் மறுத்தார்கள். நாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சாயத்துக்குக் கிளம்பினார். நான் நிறுத்தினேன். மேடைக்கு நடுவில் டிரம்ஸைப் போடச் சொன்னேன். இடப்பக்கம் டெஸ்மண்ட் ஆட்கள், வலப்பக்கம் ரால்ஃப் ஆட்கள். இங்கே ஒரு பாட்டு, அங்கே ஒரு பாட்டு. முதல் பாட்டு டெஸ்மண்டுக்கு, கடைசிப் பாட்டு ரால்ஃபுக்கு. இருவரும் டிரம்ஸ்காரரைப் பார்த்து, "ஓக்கேன்னு சொல்லு, மேன்" என்றார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த அந்த மனிதர் இரண்டு முறை "ஓக்கேயாம்" என்றார்.

சோதித்துப் பார்க்க உட்கார்ந்தபோதுதான் எனக்கு முதல் குழப்பம். டிரம்ஸ் "தொம்" என்று விழுகிறது. ரால்ஃபின் கிடார் கூடவே விழாமல், கொஞ்சம் பொறுத்து, இரண்டு தொம்முக்கு இடையில் "சிக்" என்கிறது. தொம், சிக், தொம், சிக். எனக்கு உடனே சந்தேகம்: எதிரே கல்யாண மண்டபத்துச் சுவரில் பட்டு எதிரொலி வருகிறது. ஒரு தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பழகிய எவனும் முதலில் அதைத்தான் நினைப்பான். கிடாரின் சத்தத்தைக் குறைக்க விரலை வைத்துவிட்டேன். பிறகு என்னவோ தோன்றி, எழுந்து போய்ச் சுவரருகில் நின்று கை தட்டிப் பார்த்தேன். எதிரொலி இல்லை. மேடைக்குப் போய் ரால்ஃபிடமே கேட்டேன்.

"சார், உங்க கிடார் லேட்டா வருதே, எக்கோவா?"

அவர் டிரம்ஸ்காரரைப் பார்த்தார். பிறகு என்னிடம் நேராகவே பேசலாம் என்று நினைவு வந்து, "எக்கோவா? அதான் மேன் பாட்டே! அந்த சிக்கை எடுத்துட்டா நான் வீட்டுக்குப் போலாம்" என்றார்.

அந்த ஒரு கேள்வியைக் கேட்டதற்கு எனக்கு அரை நிமிஷம் செலவு. அது அன்று மாலை எத்தனை பெறும் என்று அப்போது தெரியாது.

இருட்டத் தொடங்கியபோது தெரு நிரம்பிவிட்டது. அந்தக் கச்சேரிக்கு அதுவரை அவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை. நாகலிங்கம் பூரித்துப் போனார். ஆனால் எனக்குக் கூட்டத்தைப் பார்த்துப் பழக்கம். இது பாட்டுக் கேட்க வந்த கூட்டமாகத் தெரியவில்லை. தெருமுனை வரைக்கும் மொபெட்டுகள். பல மைல் தள்ளியிருக்கும் தாமலிலிருந்தெல்லாம் உருட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். மஞ்சள் பைக்குள் பிளாஸ்டிக் கேன் துருத்திக்கொண்டு நின்றது. ஒருவர் புனலோடு உட்கார்ந்திருந்தார்.

டெஸ்மண்ட் தொடங்கினார். டிரம்பெட், சாக்ஸபோன் எல்லாம் சேர்ந்து ஒரே பாய்ச்சல். ஜனம் பொறுமையாகக் கேட்டது, கல்யாணத்தில் பந்தி போடுவதற்கு முன் கேட்கிற மாதிரி. பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை. ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்:

"அண்ணே, பெட்ரோல் எப்போ ஊத்துவீங்க?"

நாகலிங்கம் மைக்கைப் பிடித்தார். "பெட்ரோலா? பெட்ரோல்லாம் இல்லபா. பாட்டுதான்."

"அப்புறம் எதுக்குயா பங்க்குன்னு போட்ட?"

"அது..." என்று அவர் சரவணனைத் திரும்பிப் பார்த்தார். சரவணன் ஏதோ முணுமுணுத்தான். "அது இங்கிலீஷ் பங்க்குபா!"

சிரித்தவர்கள் பாதி, கொதித்தவர்கள் பாதி. புனல்காரர் எழுந்து நின்றுகொண்டு, "தாமல்ல இருந்து தள்ளிக்கினு வந்தேன்யா! உன் இங்கிலீஷை டேங்க்ல ஊத்தவா?" என்றார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் ரால்ஃப், யார் எதற்குக் கத்துகிறார்கள் என்று புரியாமல், தன் முறை வந்துவிட்டது என்று பாட்டை ஆரம்பித்துவிட்டார். தொம், சிக், தொம், சிக்.

அங்கேதான் நிலைமை முற்றியது. பெட்ரோல் கோபத்துக்கு ஒரு பிடி கிடைத்துவிட்டது.

"மைக் செட்டு! லேட்டா வருது!"

"நாடா தப்புது பாரு!"

நாடா என்பது தறியில் குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு இடவலமாக ஓடும் சிறு கட்டை. அது நேரத்துக்குப் போகாவிட்டால் நெய்பவருக்கு உடம்பே கூசும். வருஷம் முழுக்கத் தாளத்தோடு கையும் காலும் ஓட்டுகிற மனிதர்கள் அவர்கள். அவர்கள் காதில் அந்த சிக், பிந்திப் போன நாடாவாக விழுந்தது. ஊரில் வேறு யாரும் அப்படித் தவறாகக் கேட்டிருக்க முடியாது. "லேட்டு! லேட்டு!" என்று ஆண்கள் பக்கம் முழுக்க ஒரே கூச்சல். பின்வரிசையில் பாய் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள்.

கோதண்டம் என் மேஜைக்கு வந்துவிட்டார். முகத்தில் துக்கமே இல்லை.

"ஆஃப் பண்ணு. ஜனம் எழுந்துக்கிச்சு. முடிஞ்சது."

"இன்னும் எழுந்து போகலையே" என்றேன்.

"பாய் சுத்தறாங்க, தெரியல? அடுத்த வருஷம் பட்டிமன்றத்துக்கும் மைக் செட்டு வேணும். அத ஞாபகத்துல வச்சிக்கினு பண்ணு."

மறுபக்கம் நாகலிங்கம் ஓடிவந்தார். வியர்வையில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. "மைக் செட்டு, நிறுத்தாத. உன் காலைப் புடிக்கிறேன். அந்த சிக்கை மட்டும் எடுத்துடு. அதுதானே அவங்களுக்கு ஒப்பல. மத்தது ஓடட்டும்."

யோசித்துப் பாருங்கள். கேட்பவர் என்னைக் கூப்பிட்டவர். கேட்பது சின்ன விஷயம். ஒரு குமிழைக் கீழே திருகினால் தீர்ந்தது. ஜனம் அடங்கும். கச்சேரி நிற்காது. பட்டிமன்றம் வராது. ஆனால் மதியம் ரால்ஃப் என்னிடம் சொன்னது காதில் இருந்தது: அதை எடுத்துவிட்டால் பாட்டே இல்லை. உயிரில்லாத ஒன்றை அந்தக் கூட்டத்தின் முன்னால் ஓடவிட்டால், கத்தாமல் எழுந்து போவார்கள். கத்துகிறவர்களையாவது உட்கார வைக்கலாம். கத்தாமல் போகிறவர்களை என்ன செய்வது?

நான் டிரம்பெட்டைக் குறைத்தேன். சாக்ஸபோனைக் குறைத்தேன். பாடுகிறவரின் குரலையும் அடியோடு கீழே இறக்கினேன். டிரம்ஸ் அப்படியே. கிடாரை ஏற்றினேன். தெருவில் இரண்டே சத்தம் மிச்சம். தொம். சிக். தொம். சிக்.

"எடுக்கச் சொன்னா ஏத்துறியே!" என்று நாகலிங்கம் தலையில் கை வைத்தார். மேடையில் ரால்ஃபின் ஊதுகாரர்கள் மைக்கைத் தட்டிப் பார்த்து என்னை முறைத்தார்கள். ரால்ஃப் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. கையை நிறுத்தவும் இல்லை. கூச்சல் இன்னும் ஏறியது. கிடார்க் குமிழிலிருந்து நான் விரலை எடுக்கவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து செல்வி எழுந்தார். நாகலிங்கத்தின் மனைவி. மைக் இல்லாமலே தெருமுனை வரை கேட்கிற குரல்.

"யோவ், நிறுத்துங்கய்யா! எது லேட்டு?"

"கிடாரு லேட்டா வருதுமா" என்று யாரோ.

"காதுல என்ன, பஞ்சா? அது கோர்வைய்யா!" என்றார். பிறகு என் மேஜைப் பக்கம் திரும்பிக் கணவரைப் பார்த்து: "இந்தாய்யா! நீ நாடா ஓட்டினப்புறம்தானே நான் கரை நாடா ஓட்டுறேன்? உங்கூடவேவா ஓட்டுறேன்? கல்யாணம் ஆன நாளா நானும் லேட்டுதானா? சொல்லு, எல்லாரும் கேக்கட்டும்!"

முதலில் பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு தெரு முழுக்கச் சிரிப்பு வெடித்தது.

காஞ்சிபுரம் சேலை கட்டியிருப்பீர்கள், கட்டியவர்களைப் பார்த்திருப்பீர்கள். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். உடல் நாடாவை நெய்பவர் ஓட்டுவார். அது போய்ச் சேர்ந்ததும், வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் கரை நாடாவைப் பதிலுக்கு ஓட்டுவார். இரண்டும் கோர்த்துக்கொள்வதுதான் கோர்வை. இடையில் விழுகிற அந்த இரண்டாவது வீச்சு இல்லாவிட்டால் கரை தனியாக, உடல் தனியாகத் தொங்கும். அந்தத் தெருவில் பெரும்பாலும் வலப்பக்கம் உட்காருகிறவர் மனைவிதான்.

செல்வி உட்காரவில்லை. சிக் விழுகிற இடத்தில் கை தட்டினார். பக்கத்திலிருந்த பெண்ணும் தட்டினார். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. தினமும் அந்த இடத்தில் கையை வீசுகிறவர்கள். பெண்கள் பக்கம் முழுக்க, தொம்முக்கு நடுவில், ஒரே சீராகக் கை விழுந்தது. ஆண்கள் பக்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. அவர்கள் தொம்மைப் பிடித்துக்கொண்டார்கள். இடப்பக்கம் ஒரு வீச்சு, வலப்பக்கம் ஒரு வீச்சு. தெருவே தறியாகிவிட்டது என்று எழுதினால் மிகையாகத் தோன்றும். ஆனால் புனல்காரர் புனலைத் தட்டிக்கொண்டிருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

அதற்குப் பிறகு என் வேலை சுலபம். குரலை ஏற்றினேன். சாக்ஸபோனை ஏற்றினேன். டிரம்பெட்டை ஏற்றப் போனபோது, ஏற்றாமலே இரண்டு மடங்கு கேட்டது. பார்த்தால், மேடையின் இடப்பக்கம் சும்மா நின்றிருந்த டெஸ்மண்ட் பொறுக்க முடியாமல் டிரம்பெட்டை எடுத்து ரால்ஃபின் பாட்டுக்குள் புகுந்துவிட்டார். ரால்ஃப் வாசித்துக்கொண்டே டிரம்ஸ்காரரிடம் கத்தினார்:

"அவனை யார் மேன் கூப்ட்டது?"

"நீயே கேளு, மேன்! எனக்குக் கை ரெண்டுதான்!"

கேட்கவில்லை. ரால்ஃப் கிடாரைத் தூக்கிக்கொண்டு டெஸ்மண்ட் பக்கம் நகர்ந்தார், அவ்வளவுதான். பிறகு எந்தப் பாட்டு எந்தக் குழுவுடையது என்று என்னால் சொல்ல முடியாது. ஜனம் எழுந்தது; போவதற்காக இல்லை, சரவணன் சொன்னது போல ஆடுவதற்காக. சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டே பின்வரிசை ஆடியது. கோதண்டத்தைத் தேடினேன். என் மேஜைக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டிய கைக்குள் ஒரு விரல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது. தொம்மின் மேல் இல்லை, சிக்கின் மேல். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

இதிலிருந்து, கூட்டம் எதை எடுக்கச் சொல்கிறதோ அதை ஏற்றிவிட வேண்டும் என்று விதி எழுதிக்கொள்ளாதீர்கள். மைக் ஊளையிடும்போது எடு என்றால், எடுங்கள். ஏற்றிக் காட்டி அடி வாங்காதீர்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: மேடையில் ஒரு சத்தம் உறுத்தினால், குமிழைத் தொடுவதற்கு முன் அதை உண்டாக்குகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மதியம் கேட்டு வைத்திருந்ததால் மாலையில் எனக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் விட்டிருந்தால், நாகலிங்கம் சொல்வதற்கு முன்பே அந்த சிக்கை நானே எடுத்திருப்பேன். கரையை வெட்டிப் போட்டுவிட்டுச் சேலை நன்றாக இல்லையே என்று நின்றிருப்பேன். இப்போது உங்கள் பலகையில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தனித் திரை இருக்கிறதாம். நல்லது. ஆளிடம் போய்க் கேட்பதற்கு இன்னும் நடந்துதான் போக வேண்டும்.

கச்சேரி நல்லபடியாக முடிந்தது. ஆனால் நாகலிங்கத்துக்கு இன்னும் உறுதியில்லை. பாதியில் நிற்கவில்லை, சரி; ஆனால் கோதண்டம் சும்மா இருப்பாரா? நோட்டீஸில் பொய் போட்டுக் கூட்டம் சேர்த்தார்கள் என்று அடுத்த கூட்டத்தில் கிளப்பலாம். அதில் நியாயமும் இருந்தது. வாத்தியங்களை ஏற்றிக்கொண்டு எல்லாரும் வேனில் உட்கார்ந்தார்கள். டெஸ்மண்ட் ஒரு பக்கம், ரால்ஃப் ஒரு பக்கம், நடுவில் டிரம்ஸ்காரர். டிரைவர் சாவியைத் திருகினார். வேன் இருமியது. மறுபடி திருகினார். இருமக்கூட இல்லை.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பெட்ரோல் காலி. இங்க பங்க் எங்க இருக்குது?"

புனல்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்னாது? நீங்கதானேயா பங்க்கு!"

டிரைவருக்குப் புரியவில்லை. "வரும்போது சுவத்துல பாத்தேனே. ஸ்கா பங்க், அனைவரும் வருகன்னு. சரி, இங்கேயே போட்டுக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சரவணன் மட்டும் சிரிக்கவில்லை. ஊரில் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது, வேனில் இரண்டு குழு, திங்கட்கிழமை எல்லாருக்கும் வேலை. நாகலிங்கம் கையைப் பிசைந்தார்.

கோதண்டம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தன் மொபெட்டை உருட்டிக்கொண்டு வந்து வேனுக்குப் பக்கத்தில் ஸ்டாண்டு போட்டார். அந்த வாரம் முழுக்க யாருக்கும் இரவல் தராமல் காப்பாற்றி வைத்திருந்த பெட்ரோல் அதில் இருந்தது. அது தெருவுக்கே தெரியும். டேங்க் மூடியைத் திறந்து, குழாயைச் செருகி, புனலைத் தா என்று கையை நீட்டினார்.

"அதுல ஆயில் கலந்திருக்குமே, சார்" என்றார் டிரைவர்.

"புகை வரும். போய்ச் சேந்துடுவ. புடி."

அவர் ஊற்றியதும் மற்றவர்களும், அவசரத்துக்கென்று அடியில் வைத்திருந்ததைக் கொடுக்க வண்டியைத் திறந்தார்கள். மஞ்சள் பைக்குள் காலியாக வந்த கேன்கள் நிறைந்தன. புனல்காரர் தன் டேங்கைக் குலுக்கிக் காட்டி, "எங்கிட்ட சத்தம்கூட இல்ல, புனலு மட்டும்தான்" என்றார்.

ரால்ஃப் சட்டைப் பையில் கைவிட்டபடி, ஜன்னல் வழியாக, "எவ்ளோ ஆச்சு, சார்?" என்று கோதண்டத்தைக் கேட்டார்.

கோதண்டம் குழாயைச் சுருட்டிச் சீட்டுக்கு அடியில் வைத்தார். யாரையும் பார்க்காமல், டேங்க் மூடியை இறுக்கிக்கொண்டே சொன்னார்:

"காசு வேணாம். அடுத்த அக்னி நட்சத்திரத்துல வருவீங்கல்ல, அப்போ ஊத்திட்டுப் போங்க."

நாகலிங்கம் அப்படியே மேடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். வேன் தெரு முழுக்கப் புகையை நிரப்பிவிட்டுக் கிளம்பியது. புகைக்கு அப்பால், உள்ளே யாரோ ஒருவர் கதவைத் தட்டுவதும், அதற்கு இடையில் எதிர்ப்பக்கக் கதவில் இன்னொருவர் தட்டுவதும், தெருமுனை திரும்பும் வரை கேட்டுக்கொண்டே இருந்தது.